இரண்டு கோடுகளுக்கு நடுவில்

வேலையில் சேர்ந்த அன்றே என்னிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். மழைக்குக் குடை கேட்கலாம், சைக்கிளுக்குப் பம்பு கேட்கலாம், பொங்கலுக்கு ஒரு நாள் கூடுதலாக லீவு கேட்கலாம். சார்ட்டைக் காட்டுங்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. ஒன்றரை வருஷம் நான் குடையும் பம்பும் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் சார்ட்டைக் கேட்டேன்.

மேடம், நான் சொல்லச் சொல்லத் தான் எழுதிக்கொள்வதாக உங்கள் கிளார்க் சொன்னார். வேண்டாம் என்றேன். அவர் எழுதினால் 'மேற்படியாள்', 'மேற்கண்டவாறு' என்று அவர் தமிழில் போகும். குற்றம் என்னுடையது, தமிழும் என்னுடையதாகவே இருக்கட்டும். நான் போட்ட ஒரு பக்கக் கடிதத்தை விசாரிக்க, சர்க்கார் டாக்டராக இருந்து ரிடையரான நீங்கள் மெட்ராஸிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒழுங்கான கையெழுத்திலாவது ஒரு வாக்குமூலம் கிடைக்க வேண்டும்.

பெயர் செவ்வந்தி. அப்பா வீரையன், விவசாயக் கூலி, கூலிப் போராட்டத்தில் இரண்டு முறை திருச்சி ஜெயிலைப் பார்த்தவர். வயது இருபத்தாறு. படிப்பு பி.எஸ்சி. விலங்கியல், இரண்டாம் வகுப்பு. எங்கள் தெருவில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். இதை யாராவது ஒருவர் ஒவ்வொரு மேடையிலும் என்னைப் பக்கத்தில் நிறுத்திவைத்துச் சொல்லியிருக்கிறார். கறுப்பு சிவப்புக் கரை வேட்டிக்காரர்கள் சொன்னார்கள், சிவப்புத் துண்டுக்காரர்களும் சொன்னார்கள். கைதட்டினார்கள். வேலை மட்டும் யாரும் தரவில்லை. தந்தவர் டாக்டர் கல்யாணராமன். அதை நான் மறைக்க விரும்பவில்லை.

அவர் அப்பா எங்கள் ஊரில் நாற்பது வேலி நிலம் வைத்திருந்தவர். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது பாதியை விற்றார், பாதியைச் சமையல்காரர் பெயரிலும் மாட்டுக்காரர் பெயரிலும் எழுதினார், மகனை லண்டனுக்கு அனுப்பினார். மகன் திரும்பி வந்து எங்கள் பெண்களின் வயிற்றை அளக்கும் ஆராய்ச்சியைத் தொடங்கினார். நிலத்தை அளக்க வந்த சர்வேயரை ஊருக்குள் விடாத குடும்பம் இப்போது நம்மை அளக்க வந்துவிட்டது என்று அப்பா சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் ஆராய்ச்சி நல்ல ஆராய்ச்சி. சில பிள்ளைகள் வயிற்றுக்குள்ளேயே வளராமல் நின்றுவிடும். மாதம் ஏறும், வயிறு ஏறாது. தாய்க்கு வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. ஒரு நாள் அசைவு நின்ற பிறகுதான் தெரியும். முன்கூட்டியே கண்டுபிடித்துத் தாயைப் படுக்கவைத்துச் சோறு போட்டு, சரியான நேரத்தில் பிள்ளையை வெளியே எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைக்கும். அதைக் கண்டுபிடிக்க மிஷின் தேவையில்லை, தையற்காரர் டேப்பு போதும் என்பதுதான் டாக்டரின் கட்சி. பதினெட்டு ஊர்கள், ஆறு களப்பணியாளர்கள், ஒரு ஜீப்.

வேலை எளிது. பதினைந்து நாளைக்கு ஒரு முறை கர்ப்பிணியைப் பாயில் படுக்கவைக்க வேண்டும். கர்ப்பப்பையின் மேட்டை விரலால் தேடிப் பிடித்து, அங்கிருந்து அடிவயிற்று எலும்பு வரை டேப்பை இழுக்க வேண்டும். எண் இல்லாத பக்கம்தான் மேலே இருக்க வேண்டும். நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அப்புறம் திருப்பி எண்ணைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவேடு ஆபீசுக்குப் போகும். அங்கே டாக்டர் சார்ட்டில் புள்ளி வைப்பார். புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு ரோஸ் அட்டை வரும். ரோஸ் அட்டை வந்தவளை ஜீப் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும். களப்பணியாளருக்கு ஏதாவது சந்தேகம் என்றால் கோட்டுக்குக் காத்திராமல் அவரே ஒரு ரோஸ் அட்டை எழுதித் தரலாம். அந்த அதிகாரம் எங்களுக்கு இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சார்ட்டை ஏன் பார்க்கக் கூடாது என்பதற்கும் டாக்டர் காரணம் சொன்னார்.

"கோடு எங்க இருக்குன்னு தெரிஞ்சா கை தானாக் கோட்டுக்குப் போயிடும்மா. பொய் சொல்றது மனசு இல்ல, விரல்."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று அவருக்கு அப்போது தெரியாது.

சார்ட்டை நான் கேட்டதற்குக் காரணம் ஜீப் டிரைவர் மீரா உசேன். அதிராம்பட்டினத்துக்காரர். யாரை ஏற்றினாலும், ஏன் ஏற்றுகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வார். ஒரு நாள் வாய்க்கால் மதகில் ஜீப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்.

"தங்கச்சி, ஒரு சந்தேகம். எட்டாம் மாசத்துல மேலத்தெரு அய்யர் வீட்டுப் பொண்ண இருபத்தொம்பதுக்கே ஏத்திட்டுப் போனோம். உங்க தெருப் பொண்ணு அதே மாசம், அதே இருபத்தொம்பது. அட்டை வரல. நான் மூணாங்கிளாஸ்தான். எனக்குப் புரியற மாதிரி நீ சொல்லு."

சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரே ஆபீசுக்குப் போனேன். ஆபீஸ் என்பது டாக்டர் வீட்டுப் பழைய நெல் கொட்டகை. சுண்ணாம்பு அடித்து ஃபேன் மாட்டியிருந்தார்கள்.

"சார், சார்ட்டைக் காட்டுங்க" என்றேன்.

"உனக்குச் சொல்லியிருக்கேனே."

"சொல்லியிருக்கீங்க. இப்ப காட்டுங்க."

பீரோவிலிருந்து எடுத்து மேசையில் விரித்தார். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. மேலே இருந்தது மேலத்தெருப் பெண்களுக்கு. கீழே இருந்தது எங்கள் தெருப் பெண்களுக்கு. இரண்டுக்கும் நடுவில் இரண்டு சென்டிமீட்டர் இடம். மேலத்தெருக்காரி அந்த இடத்துக்குள் விழுந்தால் ஜீப் வரும். எங்கள் தெருக்காரி விழுந்தால் 'சரி' என்று ஒரு டிக் விழும்.

அவர் வெட்கப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். "உங்க பொண்ணுங்க உயரம் கம்மி, எடை கம்மி. சின்ன உடம்புக்குச் சின்னப் பிள்ளை. அது வியாதி இல்ல, வாகு. ஒரே கோடு போட்டா உங்க தெருவுல பாதிப் பேரை ஆஸ்பத்திரில கொண்டுபோய்ப் போடணும். தேவையா?"

அவர்கள் பண்ணையில் நெல்லை அளந்து வாங்க ஒரு மரக்கால், கூலி அளந்து கொடுக்க அதைவிடச் சின்னதாக ஒரு மரக்கால் இருந்தது. அந்த இரண்டு மரக்காலை ஒழிக்கத்தான் அப்பா முதல் தடவை ஜெயிலுக்குப் போனார். இப்போது அவர்கள் வீட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டு நான் இரண்டு கோட்டைப் பார்க்கிறேன். அதைச் சொன்னேன்.

"ஒரே கோடு போடுங்க சார்."

"நிரூபி" என்றார். "ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கற உங்க பொண்ணுங்களுக்கு நிஜமாவே ஆபத்துன்னு காட்டு. நாளைக்கே கீழ்க் கோட்டை அழிச்சுடறேன். ஆராய்ச்சில கொடி புடிக்கறது, கோஷம் போடறது இதெல்லாம் வேலைக்காகாது செவ்வந்தி. ஆதாரம் வேணும்."

நியாயமான பேச்சு. இன்றைக்கும் அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த எட்டு மாதம் நான் செய்தது, நல்ல மனசுள்ள எந்த முட்டாளும் செய்திருக்கக் கூடியது. கோடுகள் எனக்கு மனப்பாடமாகிவிட்டன. எங்கள் தெருவில் யார் நடுவில் விழுந்தாலும் என் அதிகாரத்தில் ரோஸ் அட்டை எழுதினேன். மீரா உசேன் ஏற்றிக்கொண்டு போனார். பதினொரு பேர். ஒரு பிள்ளை கூடப் போகவில்லை. சிறுசு சிறுசாக, வாழைப்பூ போல, ஆனால் உயிரோடு. தாய்மார்கள் எனக்குக் கோழி முட்டை கொண்டுவந்து கொடுத்தார்கள்.

வருஷக் கடைசியில் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, அந்தப் பதினொரு புள்ளியையும் பென்சிலால் சுற்றிக் காட்டினார்.

"பாத்தியா? எல்லாம் நடுவுலதான். எல்லாம் பொழைச்சிருக்கு. நான் சொன்னேன்ல, வாகுன்னு."

"நான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினதாலதான் சார் பொழைச்சுது."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அனுப்பாமலிருந்தா என்ன ஆயிருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தேன். யோசித்துப் பார்த்தால், நான் காப்பாற்றிய ஒவ்வொரு பிள்ளையும் அவருடைய கீழ்க் கோட்டுக்கு ஒரு சாட்சியாகிவிட்டது. நான் இன்னும் நூறு பேரை அனுப்பினால் இன்னும் நூறு சாட்சி. என் காலத்துக்குப் பிறகு, என்னைப் போல் அட்டை எழுத ஆள் இல்லாத ஊர்களில், கீழ்க் கோடு மட்டும் சட்டம் போல நிற்கும். நான் நல்லது செய்யச் செய்ய எங்கள் பெண்களுக்குக் கெட்டது நடந்துகொண்டிருந்தது. கணிதம் படித்தவர்களுக்கு இது புரியும்.

அந்த வாரம் எங்கள் தெருவுக்கு விவசாயத் தொழிலாளர் சங்கத்துச் செல்லதுரை வந்திருந்தார். அப்பாவோடு ஜெயிலில் இருந்தவர். பழைய கதையை எடுத்தார். கூலியை உயர்த்தச் சொல்லி இரண்டு வருஷம் மனுக் கொடுத்தார்களாம். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. வாய்க்கால் கரையில் நடந்த தகராறில் இரண்டு பேர் செத்தார்கள். மறுநாள் காலை கலெக்டர் வந்து வரப்பில் நின்றார்.

"மனுவாப் போட்டு வண்டி வண்டியாக் கொடுத்தோம்மா" என்றார் செல்லதுரை. "ரெண்டு பேரு விழுந்தப்பறந்தான் கலெக்டரு காரு இந்தப் பக்கம் திரும்புச்சு."

அவர் அதை வருத்தமாகத்தான் சொன்னார். நான் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ரோஸ் அட்டை எழுதுவதை நிறுத்தினேன். விதியை நான் மீறவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழ்க் கோட்டுக்கு மேலே இருப்பவளுக்கு அட்டை கொடு என்று எந்த உத்தரவும் இல்லை. டாக்டருடைய கோட்டை டாக்டர் சொன்னபடி கடைப்பிடித்தேன். என்னைவிட ஒழுங்கான களப்பணியாளர் அந்த வருஷம் இல்லை என்று அவரே ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார்.

இனி அம்சவல்லி.

என் பெரியப்பா மகன் துரைராசுவின் பெண்டாட்டி. எனக்கு அண்ணி முறை. வயது இருபத்திரண்டு, என்னைவிடச் சின்னவள். ஆறாவதோடு நின்றவள். வாய் மட்டும் டாக்டர் பட்டம் வாங்கியது. வாய்க்காலில் தண்ணீர் வந்து பத்து நாள் கழித்துத்தான் கடைசியாகத் தீட்டுக் குளித்தேன் என்றாள். எங்கள் பெண்களுக்குத் தேதி தெரியாது, தண்ணீர் வந்த நாள் தெரியும். மதகு திறந்த தேதியைப் பொதுப்பணித்துறையில் கேட்டு எழுதினேன். அப்படிக் கணக்குப் பண்ணினால் பங்குனியில் பிரசவம்.

தை மாதம் போனபோது சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. களத்தில் நெற்கட்டை இறக்கிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்க நாத்தனாரே. நாடாவ எடுங்க. மாசம் ரெண்டு தரம் அளவெடுத்துட்டுப் போறீங்க, ஒரு ஜாக்கெட்டாச்சும் தச்சுத் தந்தீங்களா?"

"படு."

"படுக்கறேன். மேஸ்திரி பாத்தா உன்னத்தான் திட்டுவான். படிச்ச புள்ளன்னா அவனுக்குப் பயம்."

டேப்பை இழுத்தேன். அவளே கேட்டாள், "எட்டு மாசம் ஆவுது, வெளிய தெரியவே மாட்டேங்குதே. எங்க அம்மா சொல்லுது, சிறுசா இருந்தாத்தான் சுளுவா வருமாம். அதான் ராத்திரி அரை வயிறுதான் சாப்பிடறேன். சரிதானே?"

எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் இதைத்தான் செய்வார்கள். வயிற்றில் பிள்ளை பெருத்தால் பிரசவத்தில் தாய் சாவாள் என்று கடைசி மூன்று மாதம் சோற்றைக் குறைப்பார்கள். மேலத்தெருவில் அதே மூன்று மாதம் வளைகாப்பு வைத்து ஏழு வகைச் சோறு போடுவார்கள். டாக்டர் சொன்ன வாகு என்பது இதுதான். முன்பெல்லாம் நான் வீடு வீடாக உட்கார்ந்து, சாப்பிடுங்கள், சாப்பிடுங்கள் என்று தொண்டை வற்றக் கத்துவேன்.

"சரிதான்" என்றேன்.

பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். முப்பத்திரண்டாம் வாரம் இருபத்தொன்பது என்று இருக்கும். முப்பத்து நான்காம் வாரம் முப்பத்தொன்று. இரண்டும் இரண்டு கோடுகளுக்கும் சரியாக நடுவில். அட்டை கிடையாது, டிக்.

அந்த முப்பத்து நான்காம் வாரத்தில் அவள் கால் வீங்கியிருந்தது. நாள் முழுதும் சேற்றில் நிற்பதால் வீங்குகிறது என்றாள். ஆமாம் என்றேன். படுத்துக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"செவ்வந்தி, வெளையாட்டு இல்லடி. நேத்துலேருந்து அசைவு கொறைச்சலா இருக்கு. புள்ள நல்லாத்தானே இருக்கு?"

"மாசம் ஏற ஏற உள்ள இடம் கொறையும் அண்ணி. அப்படித்தான் இருக்கும்."

"நீ சொன்னாச் சரி."

இதைச் சொல்லிவிட்டு எழுந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்துக்குப் போனாள். நான் சைக்கிளை எடுத்தேன். வழியில் மீரா உசேன் ஜீப்பை நிறுத்தி, "யாரையாச்சும் ஏத்தணுமா தங்கச்சி?" என்று கேட்டார். யாருமில்லை என்றேன்.

ஐந்தாம் நாள் பிறந்தது. பெண். அழவில்லை. நான்தான் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தேன். ஒரு கிலோ முந்நூறு. அம்சவல்லி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"நீ என்னடி பண்ணுவ. கடைசிவரைக்கும் விடாம வந்து பாத்தது நீ ஒருத்திதான்."

நான் அழுதேன். அது நடிப்பில்லை. தேவை என்பதால் செய்கிற காரியத்துக்கு அழக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

சரி, பதிவேட்டுக்கு வருகிறேன். பதிவேட்டில் இருப்பது இருபத்தொன்பதும் முப்பத்தொன்றும். டேப்பில் இருந்தது இரண்டு தடவையும் இருபத்தேழு. வயிறு இரண்டு வாரமாக ஏறவே இல்லை. இருபத்தேழு என்று நான் எழுதியிருந்தால் புள்ளி கீழ்க் கோட்டுக்கும் கீழே விழுந்திருக்கும், அன்று மாலையே ஜீப் வந்திருக்கும். அம்சவல்லியும் பிள்ளையும் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்திருப்பார்கள். ஆனால் அப்படி விழுந்தால் அவள் டாக்டருக்கு ஏற்கெனவே தெரிந்த ஆபத்தாகிவிடுவாள். நடுவில் இருப்பவர்களுக்கு ஆபத்து என்று காட்ட அவள் உதவமாட்டாள். எனக்கு அவள் நடுவில் தேவைப்பட்டாள். முதலில் இரண்டு சென்டிமீட்டர் கூட்டினேன், அப்புறம் நான்கு. விரல் கோட்டுக்குப் போய்விடும் என்று டாக்டர் சொன்னாரே, அது போகவில்லை. நான் கூட்டிக்கொண்டு போனேன்.

அவளோடு சேர்த்து மொத்தம் பதினான்கு பேர். அதில் ஐந்து பிள்ளைகள் போயின. எண்ணை மாற்றி எழுதியது மூன்று பேருக்கு. மீதிப் பேருக்கு அட்டை எழுதாமல் இருந்ததோடு சரி. பெயர்களைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

மேடம், நான் எழுத எழுத எதிரிலிருந்து படித்துக்கொண்டிருந்த நீங்கள் இந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். உங்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்து நடந்ததையும் பாருங்கள். பதினான்கு புள்ளிகளையும் டாக்டர் முன்னால் வைத்தேன். அவர் அந்தத் தாளை அரை மணி நேரம் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "நான் தப்புப் பண்ணிட்டேன் செவ்வந்தி" என்றார். மூன்று வாரத்தில் கீழ்க் கோட்டை அழித்தார். பதினெட்டு ஊருக்கும் ஒரே கோடு. எங்கள் தெருக்களிலிருந்து ஜீப் நிறைய நிறையப் பெண்கள் போனார்கள். ஒன்பது மாதத்தில் போன பிள்ளை ஒன்றே ஒன்று. ஆட்சிகள் மாறி மாறி மேடை போட்டு எங்களுக்குத் தருகிறோம் என்று சொன்னதையெல்லாம் ஒரு பக்கம் வையுங்கள். நான் வாங்கித் தந்ததை இன்னொரு பக்கம் வையுங்கள். எது கனம் என்று உங்களுக்குத் தெரியும்.

போன மாதம் டாக்டரின் கட்டுரை டெல்லியில் படிக்கப்பட்டது. பாராட்டு விழா தஞ்சாவூரில். மந்திரி வந்தார். வயிறு வளர்வதைப் பற்றி அவருக்கு என்ன தெரியுமோ, ஒரே கோட்டுக்குச் சமூகநீதிக் கோடு என்று பெயர் வைத்து நாற்பது நிமிஷம் பேசினார். எட்டுத் தலைமுறையாக எங்களிடம் நெல் அளந்த குடும்பத்து வாரிசுக்கு ஆளுயர மாலை போட்டார்கள். அவர் குனிந்து வாங்கிக்கொண்டார். கட்டுரையில் மூன்று பெயர். ஒன்று அவர். இன்னொன்று எண்களைக் கூட்டிக் கழித்த ஸ்ரீநிவாசன், வேலூர்க்காரர், எங்கள் பக்கத்து வயலில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. மூன்றாவது டாக்டரின் மனைவி சரசா. சத்துணவியல் படித்தவர். ஜீப்பில் இரண்டு தடவை வந்து, வெயில் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுப் போனவர். கடைசிப் பக்கத்தில், 'களப்பணியாளர்களின் அயராத உழைப்புக்கு நன்றி' என்று ஒரு வரி. நான் பத்தாவது வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா என்னிடம், "நீங்களும் அந்த ஆபீஸ்லதான் வேலை பாக்கறீங்களா? பெரிய மனுஷன் கிட்ட இருக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்றார்.

அதற்கும் நான் உங்களுக்குக் கடிதம் போட்டதற்கும் சம்பந்தமில்லை. விழா நடந்தது புதன்கிழமை. கடிதத்தில் இருக்கும் தேதி வியாழக்கிழமை. ஒரு நாள் இடைவெளி இருக்கிறது.

இவ்வளவையும் எழுதும் வரை எதிரே உட்கார்ந்திருந்தீர்கள். இப்போது பேனாவை மூடிவைக்கச் சொல்லிவிட்டு நீங்கள் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். வாக்குமூலத்தில் எல்லாம் இருக்க வேண்டும்.

"நேத்து உங்க ஊருக்குப் போனேன் செவ்வந்தி" என்றீர்கள். "உன் கடிதத்துல இருந்த அம்சவல்லியைப் பாத்தேன். மறுபடி முழுகாம இருக்கா. ஏழு மாசம். போன வாரம் பழைய ரெண்டு கோட்டுக்கும் நடுவுல விழுந்திருக்கா. ஒரே கோடு இருக்கறதால அட்டை வந்திருக்கு. வெள்ளிக்கிழமை ஜீப்புல ஏறணும்."

நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருக்க, நீங்கள் தொடர்ந்தீர்கள்.

"இந்தத் தாள் இன்னைக்கு மெட்ராஸ் போனா நாளைக்கே திட்டத்தை நிறுத்துவாங்க. ஜீப்பை நிறுத்துவாங்க. உன் எண்ணு பொய்யின்னா அதை வெச்சுப் போட்ட கோடும் பொய். பழைய கோடுதான் திரும்பி வரும். அதான் சர்க்கார் நடைமுறை. அம்சவல்லிய மட்டும் நான் ஒரு வாடகைக் காருல கூட ஏத்திக்கலாம். பதினெட்டு ஊர்ல இப்ப அட்டையோட முப்பத்தோரு பேர் இருக்காங்க. அத்தனை பேரை என்ன பண்றது?"

மேசை மேல் இருந்த என் தாள்களை உங்கள் பக்கம் இழுத்து, அதன் மேல் கையை வைத்தீர்கள். நாற்பது வருஷம் பிரசவம் பார்த்த கை.

"நான் ரிடையர் ஆனவ. என்னை அவசரப்படுத்த ஆளில்ல. இதை ஆனி மாசம் வரைக்கும் என் பீரோவுல வெச்சிருக்கேன். அந்த முப்பத்தோரு பேரும் பெத்து முடிக்கட்டும். அதுக்குள்ள வேற ஊர் எண்களை வெச்சு அந்தக் கோட்டை நியாயமா நிலைநிறுத்த முடியுமான்னு நானே பாக்கறேன். அப்பறம் உன்னை ஜெயிலுக்கு அனுப்பறேன். சத்தியமா அனுப்பறேன். மூணு மாசம் பொறு. உன்னால முடியாதா?"

நல்ல யோசனைதான். அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் யோசிப்பார்கள். ஆனால் மேடம், உண்மையைப் பீரோவில் வைத்துப் பூட்டுவது உங்கள் வயசுக்கும் படிப்புக்கும் அழகில்லை. மூன்று மாதத்தில் கல்யாணராமனுக்கு இன்னும் எத்தனை மாலை விழும் என்று யோசித்தீர்களா? ஜெனீவாவிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்களாம். அந்தக் கோடு அவர் கண்டுபிடித்தது என்று புஸ்தகத்தில் ஏறிவிடும். பிள்ளைகளுக்குப் பாடமாகிவிடும். அந்தக் கோடு ஐந்து பிள்ளைகளால் ஆனது, ஐந்து பேரையும் எடுத்து வைத்தது நான். பொய்யான பெயரில் ஒரு நல்ல காரியம் நடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எங்கள் தெரு இதைப் போதுமான அளவு பார்த்துவிட்டது.

மேலும், நீங்கள் கேட்பது தாமதமாகிவிட்டது. இதன் சுருக்கத்தை நேற்றே எழுதி, டெல்லிப் பத்திரிகைக்கு ஒன்று, சுகாதாரச் செயலாளருக்கு ஒன்று, மந்திரிக்கு ஒன்று ரிஜிஸ்தர் தபாலில் போட்டுவிட்டேன். ரசீது என் கைப்பையில் இருக்கிறது. இங்கே வந்தது உங்களைக் கேட்டுக்கொண்டு முடிவு செய்ய இல்லை. நேரில் ஒருவருக்காவது நான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் கையைக் கொஞ்சம் எடுத்தால் கடைசிப் பக்கத்திலும் போட்டுவிடுவேன். நன்றி.

எழுந்துகொள்கிறேன். போலீஸ் எப்போது வந்தாலும் வீட்டில்தான் இருப்பேன். தயவுசெய்து அப்படிப் பார்க்காதீர்கள், மேடம். என்னை நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். இதையும் நான் அம்சவல்லிக்காகத்தான் செய்கிறேன்.